‘சரிக்கா’ என்று சொன்ன பிறகு: கெயார் ஹோம் பொறுப்பாளர்களுக்கான ஒருநாள் வகுப்பு எப்படி?

வடமேற்கு லண்டனில் 36 கட்டில்கள் உள்ள ஒரு நேர்சிங் ஹோமில் துணை மனேஜராக இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இங்கே வந்து முதலில் கெயாரராக, அதாவது பராமரிப்பு ஊழியராக வேலை செய்து, பிறகு படித்துத் தாதியானேன். வேலையை மற்றவரிடம் எப்படி ஒப்படைப்பது என்று படிப்பிக்கிற ஒருநாள் வகுப்பு ஒன்றுக்கு அண்மையில் சொந்தக் காசில் 95 பவுண் கட்டிப் போய் வந்தேன். கெயார் ஹோம்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் சீனியராக, துணை மனேஜராக, மனேஜராக இருக்கிற எங்கள் ஆட்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நடத்துபவர்களின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன்; அது சின்ன இடம், ஓய்வு பெற்ற ஒரு சமூகத் தாதி தனியாளாகப் படிப்பிக்கிறார். இதே பாடத்தைப் பல இடங்களில் நடத்துகிறார்கள். நீங்கள் எங்கே போனாலும் அங்கே எது இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு காசைக் கட்டுங்கள்.

ஏன் போனேன் என்பதைச் சொல்லாமல் வகுப்பைப் பற்றிச் சொன்னால் விளங்காது.

ஒரு நாள் காலை பத்தரை மணி. எங்கள் ஹோமில் அது தேத்தண்ணி நேரம். என் இடுப்பில் மருந்து அலுமாரித் திறப்பு, காதில் போன், மறுமுனையில் கோபமாக இருக்கிற ஒரு மகள். 14ஆம் அறையில் பக்கவாதம் வந்து விழுங்கக் கஷ்டப்படுகிற ஒரு ஐயா இருக்கிறார். வெறும் தண்ணீர் அவருக்கு நெஞ்சுக்குள் போய்விடும். அதனால் குடிக்கிற எல்லாவற்றையும் தூள் போட்டுத் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும். எவ்வளவு தடிப்பு என்பதற்கு லெவல் இலக்கம் இருக்கிறது; அவருக்கு லெவல் 2. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை அந்த நேரம் என்னைக் கடந்து போனாள். எங்கள் ஹோமுக்கு வந்து இரண்டு மாதம்தான். போனைக் கையால் பொத்திக்கொண்டு, “பதினாலுக்குத் தேத்தண்ணி குடுத்துவிடுங்கோ பிள்ளை, லெவல் ரூ, தெரியும்தானே?” என்றேன்.

“சரிக்கா.”

பத்து நிமிடத்தில் அந்த இருமல் கேட்டது. தாதிகளுக்கு அந்த இருமலைத் தெரியும். ஈரமான இருமல், தொண்டைக்குள் ஏதோ கொப்புளிக்கிற மாதிரி. ஓடிப்போய் ஐயாவை முன்னுக்குச் சாய்த்து, கப்பை வாங்கிப் பார்த்தேன். மேலே வெறும் தேத்தண்ணி. அடியில் ஒரு கட்டி, ஜெலி மாதிரி. அந்த வாரம் தூளின் கம்பனி மாறியிருந்தது, ரின்னுக்குள் இருந்த கரண்டியின் அளவும் மாறியிருந்தது. அவள் தூளைப் போட்டிருக்கிறாள், ஆனால் போதுமான அளவு கலக்கவில்லை. டொக்டருக்குச் சொன்னோம், வீட்டாருக்குச் சொன்னோம், இரண்டு நாள் காய்ச்சலும் மூச்சும் பார்த்தோம். நெஞ்சில் சளி பிடிக்கவில்லை. கடவுள் புண்ணியம்.

பின்னேரம் அவளை இருத்திக் கதைத்தேன். “ஏன் பிள்ளை என்னட்டக் கேட்கேல்லை?”

“நீங்க போன்ல இருந்தீங்கக்கா. தெரியும்தானேன்னு கேட்டீங்க. தெரியாதுன்னு சொன்னா என்ன நினைப்பீங்களோன்னு…”

அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. ‘தெரியும்தானே’ என்பது கேள்வியே இல்லை. பதிலை நானே சொல்லிவிட்டு அவளைத் தலையாட்ட வைத்திருக்கிறேன். இத்தனை வருசம் இப்படித்தான் எத்தனை வேலையைக் கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.

இனி வகுப்பு. சமூக மண்டபம் ஒன்றின் மேல்மாடி, காலை ஒன்பதரையிலிருந்து நாலு மணி வரை, 13 பேர். பாதிப் பேர் கெயார் ஹோம், மற்றவர்கள் வீட்டுப் பராமரிப்பு. ஒருவர் கற்றல் குறைபாடு உள்ளவர்களின் வீடு ஒன்றை நடத்துகிறார். வாகனம் விட இடமில்லை, பஸ்ஸில் போங்கள். மத்தியானச் சாப்பாடு சான்ட்விச். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சீஸ் மட்டும்.

காலையில் முதல் ஒரு மணித்தியாலம் ஒரே ஒரு தாளில் போனது. தாதியர், மருத்துவிச்சிகளின் பதிவுச் சபையான என்.எம்.சி.யின் நடத்தைக் கோவை 2015இல் வந்தது. அதன் 11ஆம் பகுதி முழுக்க இந்த விசயம்தான். மூன்றே மூன்று வரி. வாங்குபவரின் திறமைக்குள் அடங்குகிற வேலையை மட்டும் கொடு. செய்கிறவருக்குப் போதிய மேற்பார்வையும் துணையும் இருக்கிறதா என்று உறுதி செய். செய்து முடித்த வேலை உரிய தரத்தில் இருக்கிறதா என்று பார். தாதியாகப் பதிவு செய்த எல்லோரும் இதைப் படித்துத்தான் இருக்கிறோம். ஆனால் படிப்பிக்கிற அந்த அம்மா செய்தது வேறு. ஒவ்வொருவரும் தங்கள் ஹோமில் பிழையாகிப்போன ஒரு சம்பவத்தை எடுத்து, இந்த மூன்று வரியின் கீழும் எழுத வேண்டும் என்றார். நான் தேத்தண்ணியை எழுதினேன். அவளுக்குச் செய்யத் தெரியுமா என்று பார்த்தேனா? இல்லை. பக்கத்தில் யாராவது நின்றார்களா? இல்லை. கப் ஐயாவின் வாய்க்குப் போக முதல் யாராவது பார்த்தார்களா? இல்லை. மூன்று ‘இல்லை’யையும் என் கையெழுத்திலேயே பார்த்தபோது நெஞ்சு அடைத்தது.

அந்த மணித்தியாலத்தில்தான் ஒரு பெரிய குழப்பமும் தீர்ந்தது. இங்கே ஆங்கிலத்தில் ரெஸ்பொன்சிபிலிட்டி, அக்கவுன்டபிலிட்டி என்று இரண்டு சொல் சொல்வார்கள், இரண்டையும் நாங்கள் ‘பொறுப்பு’ என்று விளங்கி வைத்திருக்கிறோம். ஒன்று வேலையைச் செய்கிற பொறுப்பு. மற்றது, பிறகு கேட்டால் ஏன் அப்படி முடிவெடுத்தாய் என்று நின்று பதில் சொல்வது. இலங்கைத் தமிழருக்கு இந்த இரண்டாவதைப் படிப்பிக்கத் தேவையில்லை. ‘பொறுப்புக்கூறல்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வருசமாகக் காத்திருக்கிறோம். வேலையைக் கெயாரரிடம் கொடுக்கலாம். ‘இவரிடம் இதை இன்றைக்குக் கொடுப்பது சரி’ என்று நான் எடுத்த முடிவுக்குப் பொறுப்புக்கூறல் என்னிடமே நிற்கும். ஏற்றுக்கொண்டபின் எப்படிச் செய்தார் என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் தெரியாது என்று சொல்ல அவருக்கு நான் இடமே வைக்கவில்லை என்றால், அவர் ஏற்றுக்கொண்டார் என்று எப்படிச் சொல்வது?

ஊரில் நாங்கள் ‘பாரம் குடுக்கிறது’, ‘பாரம் எடுக்கிறது’ என்று சொல்வோம். கந்தோர் மாறிப் போகிறவர் திறப்பையும் கொப்பியையும் எண்ணிப் பாரம் கொடுப்பார், வருகிறவர் எண்ணிப் பார்த்துப் பாரம் எடுப்பார். இரண்டு பேரும் கையெழுத்து வைப்பார்கள். எண்ணாமல் யாரும் எடுப்பதில்லை. அன்று நான் பாரம் கொடுக்கவில்லை. எறிந்துவிட்டுப் போனேன்.

அடுத்தது ‘ஐந்து சரி’கள். அமெரிக்காவின் மாநிலத் தாதியர் சபைகளின் கூட்டமைப்பு கொண்டு வந்தது: சரியான வேலை, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை. நாங்கள் எல்லோரும் ‘ஆள்’ என்பதற்குத்தான் முதலில் பாய்வோம், ‘அவ கெட்டிக்காரி, அவவிட்டக் குடு’ என்று. அந்த அம்மா ‘சூழ்நிலை’யிலேயே நின்றார். அதற்கு அவர் ஒரு சம்பவத்தை எழுதித் தந்த அட்டை அருமையானது.

சீனி வருத்தம் உள்ள ஒரு அம்மா. ரைப் 2, பல மாதமாக நிலையாக இருக்கிறார். இங்கிலாந்தில் இப்படியான ஆட்களுக்கு இன்சுலின் போடுவதைச் சமூகத் தாதிகள் பயிற்சி கொடுத்த கெயாரரிடம் ஒப்படைக்கலாம். கெயாரர் விரும்பி ஏற்க வேண்டும், செய்து காட்டித் தேர வேண்டும். இந்த அட்டையில் உள்ள கெயாரர் தேறியவர், நாலு மாதமாகப் பிழையில்லாமல் போடுகிறார். இன்று காலை அந்த நோயாளி அம்மாவின் இரத்தச் சீனி 3.8 (இங்கே அளக்கிற mmol/L கணக்கில்). காலைச் சாப்பாடு வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

எங்கள் மேசையில் வாக்குவாதம். ஒருவர் ‘பாதி அளவு போடலாம்’ என்றார். படிப்பிக்கிற அம்மா அமைதியாகக் கேட்டார், “பாதி என்று முடிவெடுக்க அந்தக் கெயாரருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?” சீனி 4க்குக் கீழே போய்விட்டது, சாப்பாடும் இல்லை. அந்த இடத்தில் ஊசி நிற்க வேண்டும், கெயாரரிடம் இருந்த வேலை தாதியிடம் திரும்ப வேண்டும். கெயாரர் செய்ய வேண்டியது, கெதியாக ஏறுகிற இனிப்பு 15-20 கிராம் கொடுத்து, 10-15 நிமிடத்தில் மறுபடி சீனி பார்த்து, தாதியைக் கூப்பிடுவது. வேலையைக் கொடுக்கும்போதே ‘இந்த இடத்தில் நிறுத்து, என்னைக் கூப்பிடு’ என்ற இலக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். எங்கள் ஹோமின் ஒப்படைப்புத் தாள்களில் ‘ஏதும் மாற்றம் இருந்தால் தாதிக்கு அறிவிக்கவும்’ என்றுதான் இருந்தது. எது மாற்றம்? 5.1 மாற்றமா? அதை நினைத்துக்கொண்டு மிச்ச நேரம் முழுக்க இருந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு நடந்த பயிற்சிக்காகவே 95 பவுணும் தகும். இரண்டிரண்டு பேராக இருக்க வேண்டும். ஒருவர் மனேஜர், ஒருவர் கெயாரர். கெயாரரிடம் ஒரு இரகசிய அட்டை. அந்த வேலை அவருக்கு நன்றாகத் தெரியும், அரைகுறையாகத் தெரியும், தெரியவே தெரியாது, மூன்றில் ஒன்று அதில் இருக்கும். மனேஜர் ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்கக் கூடாது. வேறு எப்படியாவது கண்டுபிடிக்க வேண்டும்.

என்னோடு இருந்தவர் பிலிப்பைன்ஸ்காரர். எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டினார். முதல் இரண்டு முறையும் நான் தோற்றேன். அவருக்குத் தெரியும் என்று நினைத்த இடத்தில் தெரியாது என்றிருந்தது. மூன்றாவது முறை வேறு மாதிரிக் கேட்டேன், “போனமுறை இதைச் செய்தபோது எந்த இடம் கஷ்டமாக இருந்தது?” அவரால் பதில் சொல்ல முடியவில்லை. செய்திருந்தால்தானே கஷ்டம் தெரியும். இன்னொரு மேசையில் ஒருவர் கேட்டது இன்னும் நல்லது: “முதலில் எதைக் கையில் எடுப்பீர்கள்?” வேலை தெரிந்தவர் உடனே சொல்வார், தெரியாதவர் முகத்தைப் பார்ப்பார்.

எங்கள் ஆட்களுக்கு இது இரண்டு மடங்கு தேவை. ‘அக்கா’, ‘அண்ணா’ என்று கூப்பிட்டுத்தான் வேலை செய்கிறோம், அந்தப் பாசம் எனக்கு வேண்டும், அதை விடச் சொல்லமாட்டேன். ஆனால் அக்காவிடம் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வது கஷ்டம், ‘நான் செய்யமாட்டேன்’ என்று சொல்வது அதைவிடக் கஷ்டம். ‘சரிக்கா’, ‘ஓம் அக்கா’ இரண்டுக்கும் பல நேரம் ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதற்கு மேல் அர்த்தமில்லை.

இங்கேதான் வகுப்பின் பெரிய குறை. 2022 பெப்ரவரியில் கெயாரர்களுக்கு விசா வழி திறந்த பிறகு கேரளாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். 2025 ஜூலை 22இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் வந்தவர்கள் எங்களோடுதான் வேலை செய்கிறார்கள். அவர்களின் விசா வேலை கொடுத்தவரின் கையில். அந்த அனுசரணை நின்றால் வேறு இடம் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். அப்படி ஒரு பயத்தோடு நிற்கிற பிள்ளையிடம் ‘விருப்பம் இல்லையென்றால் மறுக்கலாம்’ என்று தாளில் எழுதிக் கொடுத்தால் போதுமா? நான் கேட்டேன். அம்மா மரியாதையாகக் கேட்டார், குறித்துக்கொண்டார், ஆனால் அவரிடம் பதில் இல்லை. பாடம் பழைய காலத்து ஆட்களை நினைத்துச் செய்தது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. எங்கள் நாகர்கோவில் பிள்ளை ஊரில் பி.எஸ்சி. நேர்சிங் படித்தவள். அவளைப் போல எத்தனையோ பேர் இங்கே கெயாரராக நிற்கிறார்கள். ‘அவ ஊரில நேர்ஸ்தானே’ என்று தாதியின் வேலையைத் தள்ளிவிடுகிற மனேஜர்களை நான் பார்த்திருக்கிறேன். என்.எம்.சி.யில் பதிவு இல்லாதவரை இந்த நாட்டில் அவள் கெயாரர். கெயாரருக்குக் கொடுக்கக் கூடியதைத்தான், பயிற்சி கொடுத்து, பார்த்துக் கொடுக்க வேண்டும். பிழை நடந்தால் அவளின் எதிர்காலப் பதிவும் அடிபடலாம். வகுப்பில் இதற்கு ஐந்து நிமிடம் கூடக் கொடுக்கவில்லை.

மற்றக் குறைகளைக் கெதியாகச் சொல்கிறேன். மூன்றாவது வரி, செய்த வேலையைத் திரும்பிப் பார்ப்பது, இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரவு வேலையைப் பற்றி ஒன்றுமே இல்லை. இரவில் ஒரு தாதி, மூன்று கெயாரர், அதில் ஒருவர் ஏஜென்சியிலிருந்து முதல்நாள் வந்தவர். மேற்பார்வை என்பதற்கு அங்கே என்ன அர்த்தம் என்று யாராவது படிப்பிக்க வேண்டும். அவர்கள் தந்த ஒப்படைப்புப் படிவம் நாலு பக்கம். காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறுகிற நேரம் அதை யாரும் நிரப்பப் போவதில்லை. நான் அதை அரைப்பக்கமாகச் சுருக்கி வைத்திருக்கிறேன்: வேலை, ஆள், யார் பார்த்துத் தேற்றினார், நிறுத்த வேண்டிய இடம், திரும்பப் பார்க்கும் நாள்.

திரும்பி வந்து முதலில் கைவைத்தது தேத்தண்ணியில்தான். தடிப்பை அளக்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. 2019இலிருந்து இந்த நாட்டில் எல்லோரும் பாவிக்கிற சர்வதேச லெவல் முறையோடு வந்தது. எங்களுக்கும் தெரியும், ஆனால் யாரும் செய்வதில்லை. 10 மில்லி சிறிஞ்சின் தண்டை இழுத்து எடுத்துவிட்டு, கீழ் வாயை விரலால் பொத்திக்கொண்டு 10 கோடு வரை தேத்தண்ணியை விட வேண்டும். விரலை எடுத்துப் பத்துச் செக்கன் ஒழுகவிட்டு, திரும்பப் பொத்திப் பார்க்க வேண்டும். உள்ளே 4க்கும் 8க்கும் இடையில் மிச்சம் நின்றால் லெவல் 2. நாலுக்குக் கீழே என்றால் ஐயாவுக்குத் தண்ணீர் மாதிரி, எட்டுக்கு மேல் என்றால் அவருக்குத் தேவைக்கு மிஞ்சிய தடிப்பு.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “எனக்குச் செய்து காட்டுங்கோ, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்” என்றேன். முதல் கப்பில் மூன்றரை நின்றது. ஏன் என்று நான் சொல்லவில்லை. அவளே கப்பைப் பார்த்தாள், அடியைக் கரண்டியால் தடவிப் பார்த்தாள். “கட்டி நிக்குதுக்கா.” இரண்டாவது கப்பில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நிறுத்தாமல் கலக்கி, ரின்னில் போட்டிருந்த நேரம் முழுக்க வைத்துவிட்டுப் பிறகு விட்டாள். பத்துச் செக்கனையும் வாய்விட்டு எண்ணினாள். ஆறில் நின்றது. பிறகு நான் சொல்லாமலே ரின்னை எடுத்துக்கொண்டு போய் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அந்தத் தூளைத் தெரியாமல் வாயில் போட்டு மூச்சடைத்து இறந்த ஒருவரின் சம்பவத்துக்குப் பிறகு அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். இங்கிலாந்து 2015இல் எச்சரிக்கை விட்டது. அதனால் ரின்னைப் பூட்டுவதும் இந்த வேலைக்குள் அடக்கம் என்று முதல்நாள் சொல்லியிருந்தேன்.

அவளின் பெயரை அரைப்பக்கத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்பேன் என்று திகதியும் போட்டேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்டுகிறவள் அவள்தான்.

போன கிழமை இன்னொன்று நடந்தது. ஆள் குறைவான ஒரு காலை. வயிற்றுக் குழாயால் சாப்பாடு போகிற ஒரு அம்மாவின் பம்ப் அலாரம் அடிக்கிறது, நான் கீழ்மாடியில். வோக்கியில் கூப்பிட்டு, “பிள்ளை, அந்தக் குழாயை ஒருக்காத் தண்ணி விட்டுக் கழுவி விடுறீங்களோ?” என்றேன். பழைய பழக்கம், வாய் முந்திவிட்டது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அக்கா, அது எனக்கு இங்க யாரும் காட்டித் தரல. ஊர்ல பண்ணியிருக்கேன், ஆனா இங்க கையெழுத்துப் போடல. பம்ப்ப நிறுத்திட்டு அம்மா பக்கத்துல நிக்கிறேன், நீங்க வாங்க.”

ஓடிப் போனேன். குழாயைக் கழுவிவிட்டு, அவளிடம், “சரியாச் சொன்னீங்கள்” என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் கதைக்க எனக்குத் தொண்டை அடைத்தது.

நட்சத்திரம் கேட்பவர்களுக்கு: ஐந்தில் நாலு. பதிவு செய்ய முதல் போன் எடுத்து மூன்று விசயம் கேளுங்கள். இரகசிய அட்டைப் பயிற்சி மாதிரி, ஆளோடு ஆள் செய்து பார்க்கிற ஏதாவது இருக்கிறதா? இரவு ஷிப்ட்டைப் பற்றிக் கதைப்பார்களா? உங்கள் ஹோமில் நடந்த சம்பவத்தைக் கொண்டு வரலாமா? மூன்றில் இரண்டுக்கு ஓம் என்றால் போங்கள். அடுத்த வகுப்புக்கு எங்கள் இரவுச் சீனியர் இரண்டு பேருக்கு இடம் பிடித்திருக்கிறேன், இந்த முறை ஹோம் காசு கட்டுகிறது. விசாவில் இருக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒரு அட்டையை நானே எழுதி அந்த அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்தமுறை வகுப்பில் அதையும் சேர்க்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறார்.